கீழ் வீட்டுக் குளிருக்கு மாடி வீட்டுக் கணக்கு

லேயர்,
நவம்பர் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் டொம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி ஒன்னோ எல்லோரும் சுகம், ஒன்னோவின் இருமலையும் ஒரு ஆளாகச் சேர்த்தால் வீட்டில் நாலு பேர். அங்கே நீ சுகமா, நியூசிலாந்து வெயில் தாங்குகிறதா, ஆப்பிள் தோட்டத்தில் ஏணி ஏறும்போது யாராவது கீழே பிடித்துக்கொள்கிறார்களா, இதையெல்லாம் உன் கையால் எழுது, போட்டோ மட்டும் அனுப்பாதே, போட்டோவில் எல்லோரும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு வேலை காரணம் இல்லை, பொய் சொல்ல மாட்டேன், கோபம்தான் காரணம். ஹாபோ மாமாவிடம் விட்டுக்கொடுத்துப் போம்மா, கிறிஸ்துமஸ் வருகிறது, தாத்தா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று எழுதியிருக்கிறாய். தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று மாமாவும் சொல்கிறார், தாத்தா வீட்டை விலைக்குக் கேட்டு வந்தவரும் சொல்கிறார், இப்போது நீயும் சொல்கிறாய். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த மனிதர் இத்தனை பேசியதே இல்லை. மாமா உனக்குப் போனில் சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன், நிதானமாகப் படி, நடுவில் அப்பாவுக்கு மெசேஜ் போட்டு அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்காதே.

தாத்தா போனதிலிருந்து அந்த வீட்டு பில்களோடு நான் படும் பாடு உனக்குத் தெரியாது. தண்ணீர் இலாகாவுக்கு இறப்புச் சான்றிதழை மூன்று முறை அனுப்பினேன். மூன்றாவது முறைக்குப் பதில் வந்தது, தாத்தா பெயருக்கே வந்தது, மதிப்பிற்குரிய எய்லெர்ட் அவர்களே, தாங்கள் இடம் மாறிய தகவலுக்கு நன்றி, கடைசி பில்லை அனுப்பப் புது முகவரி தரவும் என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊர்க் கல்லறை, மேற்கு வாசல், ஓக் மரத்துக்கு இடப்பக்கம் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அப்பாதான் பிடுங்கி வைத்துக்கொண்டார், வேண்டாம் ஃபென்னா, அங்க போயும் மீட்டர் வைப்பாங்க என்றார். பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் போனில் காத்திருந்து பாட்டு கேட்பது, பிறகு ஒரு பெண் வந்து, வாடிக்கையாளரே நேரில் பேசினால்தான் விவரம் தர முடியும் என்பது. வாடிக்கையாளர் பேசமாட்டாரம்மா, அதற்காகத்தானே நான் பேசுகிறேன் என்று எத்தனை முறை சொல்வது. அந்தச் சலிப்பில்தான், கேஸ் கணக்கை நான் பார்த்துக்கறேன், நீ விடு என்று மாமா சொன்னபோது அப்பாடா என்று இருந்தது. வேறு எதையும் நான் அவரிடம் ஒப்படைக்கவில்லை, இதை நினைவில் வைத்துக்கொள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனேன். அங்கே சனிக்கிழமை மட்டும் ரிக்ஸ்டே விற்பனைக்கு நிற்கிறாள், தாத்தா வீட்டு மாடியில் குடியிருக்கிறாளே, உன் ஜிம்னாஸ்டிக் குழுவில் பெரிய பெண்ணாக இருந்தவள், அவளேதான். ஜனவரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இம்கே என்று பெயர், புருஷன் ஹார்ம் தூர்வாரும் கப்பலில் இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் கரையில். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவள் அன்று ரொட்டியைச் சுற்றி என் முன்னால் வைத்துவிட்டு, ரசீது வேணுமாக்கா, உங்க குடும்பத்துல எல்லாத்துக்கும் ரசீது வேணுமே என்றாள். பின்னால் வரிசையில் ஆறு பேர் நிற்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ரிக்ஸ்டே என்றேன். கையெழுத்துப் போட்டு அனுப்பத் தெரியுது, என்னன்னு கேக்கறீங்க, திங்கக்கிழமை டீக்கு வாங்க, உங்களுக்கு மேல வர மனசிருந்தா என்றாள்.

கையெழுத்து என்றால் என்ன தெரியுமா. போன குளிர்காலத்து ஹீட்டர் கணக்கு வந்திருக்கிறது, மாமா அதை ரிக்ஸ்டேக்கு அனுப்பியிருக்கிறார், மாதாமாதம் அவர்கள் கட்டிய முன்பணம் போதவில்லை, இன்னும் இரண்டு மாத வாடகைக்கு மேல் கட்டவேண்டும், ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்வது பற்றிப் பேசவேண்டி வரும், இப்படிக்கு வாரிசுகள் ஹாபோ, ஃபென்னா. என் பெயரும் கீழே. இரண்டு பெயருக்கும் சேர்த்து அவர் ஒருவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வகுப்பில் ஒரு பையன் அம்மா பெயரைத் தானே கிறுக்கிக்கொண்டு வந்தால் நான் அவன் வீட்டுக்குப் போன் செய்கிறேன். இவருக்கு நான் யாருக்குப் போன் செய்வது.

திங்கட்கிழமை போனேன். வாசலிலேயே காலணியைக் கழற்றினேன், எல்லோரும் செய்வதுதான். ரிக்ஸ்டே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், ஆனாலும் கோப்பையில் கல்கண்டு போட்டு டீ ஊற்றி மேலே பாலேடு விட்டாள், நம் ஊரில் சண்டைக்கு வந்தவனுக்கும் அதில் குறை வைக்க முடியாதே. டீ போதும் என்று ஸ்பூனைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஒரு கோப்பையோடு ஸ்பூனைப் போட்டால் அதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா, மூன்றாவது வரைக்கும் உட்கார்ந்தே ஆகவேண்டும். இரண்டாவது ஊற்றும்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது. உங்க அண்ணன் வந்தாரு, கப்பல் தளத்துல நடக்கற மாதிரி ஷூவோட உள்ள வந்தாரு, டீ ஊத்தினேன், நின்னுக்கிட்டே ஒரு மடக்குக் குடிச்சுட்டு ஸ்பூனைப் போட்டுட்டாரு, பச்சப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஜன்னலைத் திறந்து போட்டுத் தெருவுக்கு ஹீட்டர் போடறீங்களான்னு கேட்டாரு என்றாள். டொம்மா, காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்காத வீடு இந்த ஊரில் உண்டா. மாமாவே தன் கல்யாணத்தன்று பனி கொட்டும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கோட்டு மாட்டினார், நான் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு பூவைக் குத்திவிட்டேன்.

அவள் பேசப்பேச எனக்குக் காது கேட்கவில்லை, காரணம் என் கால். காலுறை போட்டிருந்தும் பாதம் விறைத்துவிட்டது. ஒரு காலை மற்றதன் மேல் வைத்தேன், பிறகு மாற்றி வைத்தேன், மூன்றாவது கோப்பை வரும்போது இரண்டையும் நாற்காலிக் கம்பி மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், சின்னப் பெண் மாதிரி. கண்ணாடி எல்லாம் ஆவி பிடிக்கும் அளவுக்கு அறை சூடு, தரை மட்டும் பனிக்கட்டி. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். என்னக்கா தேடறீங்க என்றாள். இந்தத் தரை எப்போதும் இப்படியா என்று கேட்டேன். போன குளிர்காலத்துலேருந்துதான், அதுக்கு முன்னாடி ஹார்ம் வெறுங்காலோட நடப்பான், இப்ப பாருங்க, ஹீட்டரை முழுசாத் திருகி வச்சிருக்கேன், தொட்டுப் பாருங்க, கை வெந்துபோகும், சூடெல்லாம் மேல போயிடுது, கீழ மீன் மார்க்கெட் மாதிரி என்றாள். குழந்தைக்கு இரண்டு கால்சட்டை, அதற்கு மேல் கம்பளிக் காலுறை, தவழ்கிற பிள்ளையை ஒரு கம்பளத்திலிருந்து இன்னொரு கம்பளத்துக்குத் தூக்கித் தூக்கி வைக்கிறாள். மூன்றாவது கம்பளம் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாளாம், அப்போதுதான் மாமாவின் கடிதம் வந்ததாம்.

போன குளிர்காலம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. அதற்கு முந்தைய செப்டம்பரில்தானே தாத்தா போனார். அன்றிலிருந்து கீழ் வீடு காலி. அங்கிருந்தே நேராகக் கீழே இறங்கினேன், சாவி என் கொத்தில்தான் இருக்கிறது. கதவைத் திறந்தால் மூச்சு புகையாக வருகிறது. சமையலறை, கூடம், படுக்கையறை, குளியலறை, எல்லா ஹீட்டரும் பனிப்பூக் குறியில், அதாவது குழாய் உறையாமல் இருந்தால் போதும் என்கிற குறியில். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே. இன்னொரு வாரிசு நான், எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

இது ஏன் அநியாயம் என்று உனக்கு விளங்கச் சொல்கிறேன். அந்த வீட்டுக்கு நிலவறையில் ஒரே பாய்லர், அங்கிருந்துதான் குழாய் வழியாக எல்லா ஹீட்டருக்கும் சுடுதண்ணீர் போகிறது, ஒரே கேஸ் பில். பில்லில் சின்னப் பங்கு வீட்டின் பரப்புக்கு, பெரிய பங்கு யார் எவ்வளவு சூடு பிடித்தார்கள் என்று ஒவ்வொரு ஹீட்டரிலும் ஒட்டியிருக்கும் கருவியைப் பார்த்துப் பிரிப்பது. தாத்தா தன் அறைகளை அடுப்பு மாதிரி வைத்திருப்பார், நினைவிருக்கிறதா, நீ போனால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவாய். அப்போது அந்தப் பெரிய பங்கில் பாதிக்கு மேல் அவர் தலையில். இப்போது கீழ் வீட்டுக் கருவிகள் நகரவே இல்லை, அதனால் பெரிய பங்கு மொத்தமும் ரிக்ஸ்டே தலையில். அது மட்டுமா, அடியில் ஐஸ்பெட்டியை வைத்துக்கொண்டு மேலே ஒரு பிள்ளைக்குச் சூடு வேண்டுமென்றால் ஹீட்டர் இரண்டு மடங்கு ஓடத்தான் செய்யும். நம் வீட்டுக் குளிரை அவள் காசில் சூடாக்கிவிட்டு, அதிகம் செலவழித்தாய் என்று அவளையே திட்டுவது. என் பெயரில்.

மாமாவுக்கு அங்கே நின்றே போன் செய்தேன். கீழ் வீட்டு ஹீட்டரை ஏன் அணைத்தாய் என்றேன். ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்குச் சூடு, நாற்காலிக்குக் குளிருதா என்றார். நாற்காலிக்கு இல்லை அண்ணா, அதுக்கு மேல தவழற பிள்ளைக்கு என்றேன். சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுத்தான் அனுப்பினேன், கருவியில என்ன எண் இருக்கோ அதுக்குத்தான் கணக்கு என்றார். அது உண்மைதான், நானும் பிறகு விசாரித்தேன், எண்ணில் தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பாகக் கூட்டியிருந்தால் திருத்திக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன், சரியாகக் கூட்டியே ஒரு குடும்பத்தைக் கொள்ளையடிக்க முடியும் என்று எங்களுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. என் பெயரை ஏன் போட்டாய் என்று கேட்டேன். நீ எப்பவும் இளகின மெழுகு, உன்னைக் கேட்டா ஆறு மாசம் யோசிப்ப என்றார். நீ புவியியல் சொல்லிக்குடுக்கறவ, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்லு, கணக்கை எங்கிட்ட விடு என்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைத்தான் அண்ணா சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் தானாகக் காலி செய்தால் யாருக்கு லாபம் என்று கேட்டேன். அப்போதுதான் வந்தது. வாங்கறவருக்கு வீடு காலியா வேணும், குடித்தனத்தோட வாங்கினா கால்வாசி விலை குறையும், அவங்க தானாப் போனா எல்லாருக்கும் நல்லது, அந்தக் காசுல உன் பொண்ணும்தான் படிக்கப் போறா என்றார்.

உன்னை உள்ளே இழுத்ததுதான் என்னைச் சுட்டது. ஆமாம், பிப்ரவரியில் அங்கே நீ சேரப்போகும் படிப்புக்கு அந்த வீட்டை விற்கும் காசில் எடுத்துத் தருவதாகத்தான் நானும் அப்பாவும் இருந்தோம், உன்னிடமும் சொன்னோம். அதனால் இதை நீ மாமா வாயால் கேட்பதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன். எனக்குத் தூக்கம் வராத ஒரே விஷயம் இதுதான். என் பெண்ணுக்கு வர இருந்ததை நானே கையால் தள்ளிவிட்டேனோ என்று இந்த வாரம் அப்பாவிடம் கேட்டேன், அவர் மென்று முழுங்கிவிட்டு, பொண்ணுக்குச் சொல்லு, அவ பெரியவ என்றார். சொல்லிவிட்டேன்.

நான் செய்தது இது. போனை வைத்ததும் தாத்தா வீட்டு ஹீட்டர் எல்லாவற்றையும் திருகித் திறந்தேன். குழாயில் காற்று அடைத்திருந்தது, மேசை இழுப்பறையில் அதை வெளியேற்றத் திருகும் சின்னச் சாவி இருந்தது, ஒவ்வொன்றாகக் காற்றைத் திறந்துவிட்டேன், கறுப்புத் தண்ணீர் சீறி என் நல்ல சட்டையில் அடித்தது, கறை போகவே இல்லை, போகட்டும். கொடகொடவென்று சத்தம் மேலே கேட்டு ரிக்ஸ்டே பிள்ளையோடு இறங்கி வந்து கதவருகே நின்றாள், யாராவது குடி வர்றாங்களாக்கா என்றாள். இல்லை, வீடு சூடாகிறது, வேறொன்றுமில்லை என்றேன். இந்த பில் யாருக்கு வரும் என்று கேட்டாள், பாவம், முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. எனக்கு வரும், என் அண்ணனுக்கு வரும், உனக்கு வராது என்றேன். அப்படீன்னா இன்னும் கொஞ்சம் திருகி விடுங்க என்றாள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தோம்.

மறுநாள் என் கையால் ஒரு கடிதம் எழுதி அவள் பெட்டியில் போட்டேன். இதற்கு முந்தைய கடிதத்தில் இருக்கும் என் பெயர் என்னைக் கேட்காமல் போட்டது, தாத்தா இருந்த கடைசி வருடம் நீங்கள் எவ்வளவு கட்டினீர்களோ அதையே கட்டுங்கள், மீதி சொத்தைச் சேர்ந்தது, அண்ணன் தன் பாதியிலிருந்து கொடுக்க மறுத்தால் முழுவதும் என் பாதியிலிருந்து போகட்டும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வரும் எந்தக் காகிதத்திலும் என் சம்மதம் இல்லை, என்று. ஒரு நகல் மாமாவுக்கும் அனுப்பினேன். இரண்டு பேரும் சரிபாதி, ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற முடியாது, அது அவருக்கும் தெரியும். மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே, நீ இப்படிச் செஞ்சா நானும் விக்கறதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன், வீடு அப்படியே கெடக்கட்டும், உன் பொண்ணு ஆப்பிளே பறிச்சுட்டு இருக்கட்டும் என்றார். சரி அண்ணா என்றேன். சரின்னா என்ன அர்த்தம் என்றார். சரின்னா சரி என்றேன். அதற்கப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து, கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாத்து சொல்லி வச்சாச்சு, எட்டுப் பேருக்கு, வர்றீங்களா இல்லையா அதையாவது சொல்லு என்றார். நீ அனுப்பிய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ரிக்ஸ்டேக்கு எழுதினால் வருகிறோம், இல்லாவிட்டால் ஐந்து பேருக்கு வாத்து சின்னதாகச் சொல் என்றேன். இதுவரை எழுதவில்லை. நாங்களும் இதுவரை போவதாக இல்லை. ஒன்னோவுக்குத்தான் மாமா வீட்டு நாயை நினைத்து அழுகை.

உன் படிப்புக்கு வங்கியில் கேட்டிருக்கிறோம், அப்பா தன் வேலையிடத்திலும் கேட்டிருக்கிறார், பிப்ரவரிக்குள் பணம் முழுவதும் புரளும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு பருவம் தள்ளிப்போனாலும் போகலாம். அதற்கு நீ கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானது, எனக்கு நேராக எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் விட்டுக்கொடு என்று மட்டும் இனி எழுதாதே. விட்டுக்கொடுப்பதென்றால் என்னுடையதைத்தான் நான் விட்டுக்கொடுக்கலாம். மாமா என்னிடம் கேட்பது ரிக்ஸ்டேயின் வீட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லி. அது என் கையில் இருக்கிற பொருளா, எடுத்து நீட்டுவதற்கு.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, உன் தோல் இரண்டு நாளில் உரிந்துவிடும். பழம் மட்டும் தின்று பசியாறாதே, சூடாக ஏதாவது சமைத்துச் சாப்பிடு. தெரியாதவர் காரில் ஏறாதே, ஏறினால் கார் எண்ணை எனக்கு அனுப்பிவிட்டு ஏறு, எந்த நேரமானாலும் பரவாயில்லை. ஒன்னோ உனக்காக ஒரு படம் வரைந்திருக்கிறான், நீயா ஏணியா என்று தெரியவில்லை, இத்துடன் வைத்திருக்கிறேன். உடம்புக்கு ஒரு குறையும் வராமல், நல்ல மனிதர்கள் நடுவில், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்கவேண்டும், எந்நாளும் என் பிரார்த்தனை அதுதான்.

மறக்காதே, சனிக்கிழமை மாமா உனக்குப் போன் செய்வார். எடு. மரியாதையாகப் பேசு, அவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் நடந்த மனிதர், அதில் ஒன்றும் மாறவில்லை. அம்மா செய்தது உனக்குச் சரியாகப் படவில்லை என்றால் அதையும் தாராளமாகச் சொல். ஆனால் அம்மா ஏதோ கோபத்தில் எழுதிவிட்டாள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் மாமா என்று என் சார்பில் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே. ஒருமுறை என் பெயரில் என்னைக் கேட்காமல் எழுதியாகிவிட்டது, இன்னொருமுறை வேண்டாம்.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா
ஃபென்னா